புழு இல்லாத தண்ணீர்

படிக்கிற கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு இதைப் பார்க்கிற என் வயதுக்காரர்களே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் பாத்திரத்தில் ஊற்ற மாட்டேன். ஓட்டலில் தண்ணீர் டம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிஐடி. இது பிறவிக் குணம் இல்லை. எட்டாவது படித்தபோது, பொங்கலுக்கும் முழுப் பரீட்சைக்கும் இடையில் வந்து ஒட்டிக்கொண்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஆம்பூருக்கு வெளியே, தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பின்பக்கம் குடியிருந்தோம். அப்பா அவற்றில் ஒன்றில், பதனிட்ட தோலைத் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தார். காற்று திரும்பினால் பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த நாற்றம் வீட்டுக்குள் வரும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. அதற்காகத்தான் அப்பா அந்த வீட்டையே பிடித்தார். எட்டிப் பார்த்தால் அடியில் கிடக்கும் கல் தெரியும், அவ்வளவு தெளிவு. குடித்தால் நாக்கின் ஓரத்தில் லேசாகக் கடுக்கும். தண்ணீர் என்றால் அப்படித்தான் ருசிக்கும் என்று நினைத்திருந்தேன். அதில் பொங்கிய சோறு மஞ்சளடிக்கும், பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும், சோப்பு நுரைக்காது. அதற்கெல்லாம் யார் கவலைப்பட்டார்கள்?

அந்த வருடம்தான் தம்பி பிறந்தான். அம்மாவுக்குப் பால் போதவில்லை, டப்பா பால்மாவு வாங்கினோம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் மாவைக் கரைத்தால் பாட்டிலின் அடியில் திரிதிரியாகத் தங்கியது. அம்மா அதைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, வயல்களுக்கு அப்பால் இருந்த ஏரிக்கரைக் கிணற்றுக்குப் போய்ப் பாசி வாசனையடிக்கும் தண்ணீரைக் கொண்டுவர ஆரம்பித்தாள். அதைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கரைத்தால் மாவு பால் மாதிரியே வந்தது. தம்பியும் மடமடவென்று குடித்தான். கதை அங்கேயே முடிந்திருக்கும், எங்கள் பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

சயின்ஸ் மிஸ் அப்போதுதான் புதிதாக வேலைக்கு வந்திருந்தார். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த பீரோவைச் சண்டை போட்டுத் திறக்கவைத்தார். உள்ளே இரண்டு மைக்ராஸ்கோப் இருந்தன. ஒன்று எளிய நுண்ணோக்கி, ஒரே லென்ஸ். செம்பருத்தியைக் கீறி மகரந்தத்தையும் சூலையும் பிரித்துப் பார்க்க அது போதும் என்றார். மற்றது கூட்டு நுண்ணோக்கி. கறுத்த இரும்புக் கழுத்து, கீழே வெளிச்சத்தைப் பிடிக்க ஒரு வட்டக் கண்ணாடி. ஒரு லென்ஸ் பெரிதாக்கியதை இன்னொரு லென்ஸ் வாங்கி மேலும் பெரிதாக்கும். வெங்காயத் தோலின் செல்லைப் பார்க்க இதுதான் வேண்டும். ஆனால் இதில் எல்லாமே தலைகீழ். ஸ்லைடை வலது பக்கம் தள்ளினால் உள்ளே இருப்பது இடது பக்கம் ஓடும். அன்றைக்கே எனக்கு அந்தச் சாமான்மேல் சந்தேகம் வந்துவிட்டது. திசையிலேயே பொய் சொல்கிறது, மற்றதில் மட்டும் நிஜம் சொல்லிவிடுமா?

என் சந்தேகத்தில் தப்பில்லை. முதல் நாள் வகுப்பு முழுக்க, கறுப்பு விளிம்பு வைத்த அழகான வட்டங்களைப் பார்த்து செல் என்று படம் வரைந்தோம். மிஸ் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எல்லாம் காற்றுக் குமிழி. என் பக்கத்துப் பெண் வளைந்து நெளிந்த ஒரு புழுவை வரைந்து பாகம் எல்லாம் குறித்திருந்தாள். அது அவளுடைய சொந்தக் கண் இமை.

பிறகு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வந்தது. அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார் மிஸ். நான் இரண்டு பாட்டில் கொண்டுபோனேன்: ஒன்றில் எங்கள் கிணறு, ஒன்றில் ஏரிக்கரைக் கிணறு. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். முதலில் எங்கள் கிணற்றுத் துளியைப் பார்த்தார். வெள்ளை வட்டம், ஒன்றுமே இல்லை. அடுத்ததில் குனிந்தவர் நிமிரவே இல்லை. செருப்பு அடித்தட்டு போன்ற பாரமீசியங்கள் அலைந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, ஒற்றைக் கண்ணும் பிளந்த வாலுமாக ஒரு சைக்ளாப்ஸ் துள்ளித் துள்ளிப் போனது. நரம்புச் சிலந்திப் புழுவை மனிதனுக்குள் கொண்டுவருவதே இதுதான் என்று மிஸ் பாடம் சொன்னார். அந்த நோய் நாட்டில் அநேகமாக ஒழிந்துவிட்டது என்றும் சொன்னார், ஆனால் அந்தப் பாதி அப்பா காதில் விழவில்லை. அவருடைய சித்தப்பா ஒருவருக்குக் காலிலிருந்து அந்தப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி இழுத்ததைச் சின்ன வயதில் பார்த்தவர் அவர்.

அன்று சாயந்திரம் வீட்டில் சட்டம் பிறந்தது. தம்பிக்கு இனி நம் கிணற்றுத் தண்ணீர் மட்டும். கொதிக்கவைத்துத்தானே கொடுக்கிறேன் என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"கொதிக்க வெச்சா புழு சாவும், சரி. பொணம் எங்க போவும்? உள்ளயேதான கெடக்கும்? அதயா புள்ளைக்கு ஊத்துவ?"

இப்படிக் கேட்டார் அப்பா. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு அது அசைக்க முடியாத நியாயமாகத் தெரிந்தது.

அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. கண்ணால் பார்த்ததை நம்பித்தான் அவர் சம்பளம் வாங்கினார். மதியச் சாப்பாடு கொண்டுபோகும் சனிக்கிழமைகளில் அவருடைய மைக்ராஸ்கோப்பை நானும் பார்த்திருக்கிறேன். அது ஸ்டீரியோ வகை, இரண்டு கண்ணாலும் பார்க்கலாம், எதுவும் தலைகீழாகாது, மேடு பள்ளம் எல்லாம் தெரியும். தோலை அப்படியே அடியில் வைத்தால் போதும். வெள்ளாட்டுத் தோலில் மயிர்க்கால்கள் ஒரு மாதிரி வரிசை கட்டியிருக்கும், செம்மறியில் வேறு மாதிரி. உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தடம் கூடச் சின்னக் குழியாகத் தெரியும். பூச்சியின் காலையும் பூவின் உள்ளையும் அறுத்துப் பார்ப்பதற்குக் கல்லூரிகளில் வைத்திருப்பதும் இதே வகைதான் என்று பின்னால் வேலூர் அத்தை சொன்னாள். ஆனால் பெரிதாக்குவது கம்மி. ஒரு பாரமீசியம் இதில் வெறும் புள்ளி.

அங்கே இன்னொன்றையும் பார்த்தேன். மேனேஜர் அறைக்கு மட்டும் எங்கோ தூரத்திலிருந்து ஜாடியில் குடிதண்ணீர் வரும். ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். பெரிய மனுஷங்களுக்கு நம் ஊர்த் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்காது என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. குடித்ததைக் கக்கினான், கையிடுக்கெல்லாம் சிவந்து தடித்தது, எடை ஏறவில்லை. ஏரித் தண்ணீரை முன்னால் கொடுத்ததன் பலன் என்றார் அப்பா. இதற்குள் அம்மாவிடம் ஒரு மாற்றம். தம்பியைத் தூங்கவைத்து, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த என்னிடம் விட்டுவிட்டு, வெயில் உச்சியில் துணி மூட்டையோடு வெளியே போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கிணற்றடியிலேயே துவைக்கிறவள் மற்ற நாட்களில் எங்கே போகிறாள்? திரும்பும்போது மூட்டை காய்ந்திருந்தது, ஆனால் அவள் இடுப்பை ஒடித்து நடந்து வந்தாள். பக்கத்து வீட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கம்மா தெனம் எங்க போவுது? பெத்த ஒடம்பு, சில பேருக்கு புத்தி பெசகிடும். புள்ளய ஜாக்கிரதையா பாத்துக்க" என்றார். அதற்குப் பிறகு எனக்கு ஏது தூக்கம்.

பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்த ஒரு நாள், தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அம்மாவின் பின்னாலேயே போனேன். வயல் வரப்பு தாண்டி ஏரிக்கரைக் கிணற்றுக்குத்தான் போனாள். அங்கே நாற்று வேலைக்கு வந்த பெண்கள் அவளுக்கு இறைத்து ஊற்றினார்கள். குடத்தின்மேல் துணியைப் போர்த்தி மூட்டையாக்கித் தூக்கி வந்தாள். வீட்டில் தையல் மிஷினுக்குப் பின்னால், பழைய புடவை மூடிய ஒரு சட்டியில் அதைக் கண்டுபிடித்தேன். மிஸ்ஸிடம் கெஞ்சி அதில் ஒரு துளியைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பார்த்தேன். கொதிக்கவைக்காத பச்சைத் தண்ணீர். எல்லாம் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன.

எனக்குப் பதின்மூன்று வயது. தம்பி இளைத்துக்கொண்டே போகிறான். அம்மா ஒளித்து ஒளித்து அவனுக்குப் புழுத் தண்ணீர் கொடுக்கிறாள். இதை வேறு எப்படிப் புரிந்துகொள்வது? அம்மா தம்பியைத் தூக்கும்போதெல்லாம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற தாயை அப்படிப் பார்த்த நாட்கள் என் வாழ்க்கையிலேயே கொடுமையானவை.

அப்பாவின் அக்கா, என் அத்தை, வேலூரில் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். அவள் கண்ணைவிட்டு எதுவும் தப்பாது என்று குடும்பத்தில் பெயர். காது குத்து ஒன்றுக்காக வேலூர் போனபோது இரண்டு தண்ணீரையும் பாட்டிலில் எடுத்துப்போனேன். தள்ளுவண்டிகளுக்கு நடுவே இடிபட்டு மாடியேறினால், அத்தையின் மைக்ராஸ்கோப் எங்கள் பள்ளிக்கூடத்ததைப் பார்த்து எள்ளி நகையாடுவதுபோல இருந்தது. உள்ளேயே பல்பு, இரண்டு கண் குழாய், சுழலும் லென்ஸ்கள். கடைசி லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால்தான் பாக்டீரியா தெரியும். மலேரியா, காசநோய் எல்லாம் இதில்தான் பிடிபடும். ஆனால் கிருமியை முதலில் கண்ணாடியில் காயவைத்துச் சாயம் ஏற்ற வேண்டும். செத்த பிறகுதான் இங்கே முகம் காட்டும் என்று அத்தை சிரித்தாள்.

அவள் பாகாயத்து மருத்துவக் கல்லூரி வளாகத்தில் பயிற்சி எடுத்தவள். மதியம் அங்கே ஒரு தோழியிடம் கூட்டிப்போனாள். அங்கேதான் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் என்பதைப் பார்த்தேன். சாயம் வேண்டாம், சாகடிக்க வேண்டாம். ஒளியில் நடக்கும் சின்ன வித்தியாசத்தையே இருட்டும் வெளிச்சமுமாக மாற்றிக் காட்டிவிடும். எங்கள் ஏரி பாரமீசியத்தின் வயிற்றுக்குள் அது தின்றது உருள்வது வரை தெரிந்தது. இன்னொரு அறையை இருட்டாக்கி, ஒளிரும் சாயம் ஏற்றிய காசநோய்க் கிருமிகளைக் காட்டினார்கள், கறுப்புத் துணியில் சிந்திய மஞ்சள் துகள்கள் மாதிரி மின்னின. சுவரில் ஒரு வைரஸின் படம். அது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்தது என்றார் தோழி. அதில் ஒளிக்குப் பதில் எலக்ட்ரான். உள்ளே காற்றையே உறிஞ்சிவிடுவார்களாம், உயிருள்ள எதையும் வைக்க முடியாதாம்.

அத்தை இரண்டு தண்ணீரையும் ஈரமாகவும் பார்த்தாள், காயவைத்துச் சாயமேற்றியும் பார்த்தாள். எங்கள் கிணற்றில் கிருமியே இல்லை. மற்றது எங்கே எடுத்தது என்று கேட்டாள். தையல் மிஷினுக்குப் பின்னால் அம்மா ஒளித்துவைத்த சட்டியில் என்றேன். அவள் முகம் மாறியது. வரும் ஞாயிறு நானே வந்து தம்பியிடம் பேசுகிறேன் என்றாள். தம்பி என்றால் என் அப்பா.

ஊருக்குத் திரும்பினால் பள்ளிக்கூடத்தில் வேறு கதை. வைக்கோலைத் தண்ணீரில் ஊறப்போட்டால் சில நாளில் உயிரினங்கள் பெருகும், அதை வைத்துப் பரீட்சைக்குப் பயிற்சி தரலாம் என்று மிஸ் எல்லாருடைய தண்ணீரிலும் ஜாடி ஜாடியாக வைக்கோல் போட்டிருந்தார். எல்லா ஜாடியும் கலங்கி, மேலே ஆடை படர்ந்து, நாற்றம் மூக்கைத் துளைத்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய என் ஜாடி மட்டும் போட்டது போட்டபடி. வைக்கோல் அன்றைக்குத்தான் களத்திலிருந்து வந்த மாதிரி மஞ்சளாகக் கிடந்தது. ஒரு துளி எடுத்துப் பார்த்தால் அதே வெள்ளை வட்டம்.

"டெட்டால் ஏதாவது ஊத்துனியா நீ?" என்றார் மிஸ்.

இல்லை என்று சத்தியம் செய்தேன். நம்பாமல், என் கையாலேயே பாட்டிலைக் கழுவவைத்து மறுபடியும் கொண்டுவரச் சொன்னார். பக்கத்து ஜாடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, பாரமீசியங்களோடு, இந்தத் தண்ணீரில் விட்டார். நானும் அவரும் மாறி மாறிப் பார்த்தோம். ஓடிக்கொண்டிருந்தவை சுற்றின, தயங்கின, நின்றன. மிஸ் கண்ணை எடுத்துவிட்டு, உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். டேனரிகளுக்குப் பின்னால் என்றேன். அவர் என் ஜாடியைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். அவர் வீட்டுக்காரரும் ஒரு டேனரியில்தான் கணக்குப் பிரிவில் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் இப்போது இத்தனை வகை மைக்ராஸ்கோப்பையும் மனதுக்குள் வரிசையாக வைத்துப் பார்ப்பேன். ஒன்று பூவைக் காட்டும், ஒன்று செல்லை, ஒன்று கிருமியை, ஒன்று உயிரோடு ஓடுவதை. எதுவும் அப்பாவிடம் பொய் சொல்லவில்லை. தண்ணீரில் முழுக்கக் கரைந்துபோனதை இவற்றில் எதிலும் பார்க்க முடியாது என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. காலியாக இருந்ததைச் சுத்தம் என்று நாங்கள்தான் படித்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சில் ஆராதனை முடிந்து வரும்போதே அத்தை வாசலில் நின்றாள். உட்காரக்கூட இல்லை. லேபில் பார்த்ததையும் சட்டி இருக்கும் இடத்தையும் சொன்னாள். அப்பா நேராகத் தையல் மிஷினுக்குப் பின்னால் போய்ச் சட்டியை எடுத்து வந்து கூடத்தின் நடுவில் வைத்தார். புள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டார். அத்தை தம்பியை அம்மா மடியிலிருந்து வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். வேலூருக்குக் கொண்டுபோய் வளர்க்கிறேன், இவள் உடம்பு தேறட்டும் என்றாள். அப்பா சரி என்று தலையாட்டினார். அவர்கள் நிஜமாகவே எடுத்துப்போகப் போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா பிள்ளையைக் கொடுக்கவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டாள். அதுவரை அவள் அத்தையிடம் தலைநிமிர்ந்து பேசியதே கிடையாது.

"பாதி நாளு உங்க கெணத்துத் தண்ணி, பாதி நாளு என் தண்ணின்னு காய்ச்சி குடுத்துப் பாத்தேன், அண்ணி. உங்க தண்ணி குடுத்த அன்னிக்குத்தான் கக்குறான். நீங்க படிச்சவங்க, எனக்கு அந்த மிஷினெல்லாம் தெரியாது." பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "ஒரு புழுகூட பொழைக்க முடியாத தண்ணில எம் புள்ள மட்டும் எப்டிங்க பொழைக்கும்?"

நான் மிஸ்ஸின் ஜாடியைப் பற்றிச் சொன்னேன். வைக்கோல் அழுகாமல் கிடந்ததை, ஓடிக்கொண்டிருந்தவை நம் தண்ணீரில் விட்டதும் நின்றதை, எல்லாவற்றையும். சொல்லும்போதே அழுதுவிட்டேன். இத்தனை நாள் அம்மாவைச் சந்தேகப்பட்டதற்கான அழுகை அது. அத்தை நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அப்பா கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி இறைத்து, செம்பில் மொண்டு, நாங்கள் எல்லாரும் பார்க்கக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, பார் என்பதுபோல நின்றார். ஆனால் அம்மாவை நேராகப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியும்போது சைக்கிளில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு அவரே ஏரிக்கரைக்குப் போனார். அன்றிலிருந்து எங்கள் மூவருக்கும் அந்தத் தண்ணீர்தான், வடிகட்டி, கொதிக்கவைத்து. தம்பியின் தடிப்பு வாடியது, கன்னத்தில் சதை வைத்தது. அவர் மட்டும் கொல்லையில் தனியாக ஒரு பானை வைத்துக்கொண்டு எங்கள் கிணற்றுத் தண்ணீரையே குடித்தார். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தொண்டைக்குப் பழகிப்போச்சு என்பார். பிடிவாதம் என்று அம்மா முனகுவாள். தான் சொன்னது தப்பில்லை என்று காட்டத்தான் குடிக்கிறார் என்றுதான் அப்போது நானும் நம்பினேன். வருடங்கள் போயின. டேனரிக் கழிவுத் தண்ணீரைப் பற்றி ஊரே பேச ஆரம்பித்தது, அரசாங்க போர்டு மாட்டிய வண்டிகள் வந்து கிணறு கிணறாகப் பாட்டிலில் பிடித்துப் போயின. அப்போதும் அவர் எங்கள் கிணற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தம்பி அஞ்சாவது படிக்கும்போது ஒருநாள் விளையாடிவிட்டு வேர்த்து விறுவிறுக்கக் கொல்லைப் பக்கமாகவே வீட்டுக்குள் வந்தான். கைக்குக் கிடைத்த பானையில் டம்ளரை விட்டு மொண்டு வாயருகே கொண்டுபோனான். துணி உலர்த்திக்கொண்டிருந்த நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பாய்ந்து வந்து டம்ளரைத் தட்டிவிட்டார். எங்களை ஒருநாளும் கைநீட்டி அடிக்காதவர். டம்ளர் சுவரில் மோதி உருண்டது. பையன் மிரண்டுபோய், தண்ணிதானேப்பா என்றான். அப்பா மூச்சு வாங்க அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு அத ஊத்தச் சொன்னவன் நான். அது எனக்கு மட்டும்டா" என்றார்.